தேக்குப் பெட்டிக்குள் மன்னர்

1961 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அக்கரப்பத்தனையில் விடிந்தது முதல் தூறல் ஓயவில்லை. மூடுபனி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரைத் தகரம் வரை இறங்கியிருந்தது.

வீட்டின் முன் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலியிட்டு அமர்த்தப்பட்டிருந்த மரியநாயகம், தமக்கு முன்னே வைக்கப்பட்ட தேக்குப் பெட்டியை உடனே திறந்துவிடவில்லை. அதனை இரு கைகளாலும் ஏந்தி, மூக்கருகே கொண்டு சென்று, நெடுநேரம் முகர்ந்தார்.

"என்னங்க இது, சந்தையில கருவாட்ட மோந்து பாக்குற மாதிரி பாக்குறாரு?" என்று பூரணி தன் கணவர் செல்லசாமியின் காதில் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு புள்ள. வெசயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் பாப்பாங்க."

மரியநாயகம் நுவரெலியாவில் கடிகாரம் திருத்தும் கடை நடத்துபவர். பழைய நாணயங்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். செல்லசாமியோ துரை பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென 1937 இல் சிறப்பாக அச்சிடப்பட்ட பதினைந்து நாணயங்களை, அவற்றுக்குரிய பெட்டியோடு, துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்கு அன்பளிப்பாக அளித்திருந்தார்.

அவற்றுக்கு மாற்றாகத் தருவதற்கென மரியநாயகம் ஒரு தையல் இயந்திரத்தைக் காரில் ஏற்றி வந்திருந்தார். அது சாக்கினால் போர்த்தப்பட்டு இஸ்தோப்பின் மூலையில் நின்றது. முழங்கால் வலியினால் இனிக் கொழுந்து பறிக்க மலை ஏற இயலாத பூரணிக்கு அதுவே பிழைப்பாக அமைய வேண்டியிருந்தது. கையூசியால் மட்டுமே தைத்துப் பழகிய அவள், அந்தச் சாக்கைக் குழந்தையின் முதுகைப் போலத் தடவித் தடவிப் பார்த்தாள்.

வந்தவரை வெறும் வாயுடன் இருத்துதல் முறையன்று எனக் கருதி, அவள் வெற்றிலைப் பெட்டியைக் கொணர்ந்து திறந்து வைத்தாள். விருந்தினருக்கென்றே பூப்போட்ட சீத்தைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள். உள்ளே பெரிய வட்டக் குழியில் சீவலும், சிறு குழிகளில் சுண்ணாம்பும் கிராம்பும், அவற்றின் மேல் தளிர் வெற்றிலையும் ஒழுங்குற விளங்கின. பின்னர், தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்துடன் பீலிக்குச் சென்றாள்.

"செல்லசாமி, வார்னிஷ் வாசம் அடிக்குதே?" என்றார் மரியநாயகம்.

"பின்ன அடிக்காதுங்களா? போன வாரந்தான் தச்சு வேல பாக்குற அழகன்கிட்ட சொல்லிச் செஞ்சது. அசல் தேக்குங்க! 'காச விடப் பொட்டிதான் முக்கியம், பொட்டி நல்லா இருக்கணும்'னு நீங்கதானே சொன்னீங்க?"

மரியநாயகத்தின் முகம் வெளியே தெரிந்த வானத்தைப் போலாயிற்று. அவர் மூடியைத் திறந்தார். பதினைந்து நாணயங்களும் கண்ணைப் பறித்தன.

"காச என்ன செஞ்சீங்க?"

"புளி போட்டு, சாம்பல் வச்சு, குத்துவெளக்குத் தேய்க்கிற மாதிரி நானே தேச்சேனுங்க. ராசா மூஞ்சி எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!"

"மூஞ்சி எங்கய்யா இருக்கு? மூக்கையே காணோமே! வெரல் பட்டாலே கெட்டுப்போற காசுய்யா இது!" மரியநாயகம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சரி, போகட்டும். தொர குடுத்த பழைய பொட்டி எங்க?"

"அதுங்களா? செவப்புத் தோலு, ஓரமெல்லாம் தேஞ்சு, எழுத்தெல்லாம் மங்கி... ஒங்க முன்னால வைக்க வெக்கமா இருந்துச்சுங்க. அடுப்புல போடச் சொல்லிப் பூரணிகிட்ட குடுத்துட்டேன்."

"அடுப்புலயா!" மரியநாயகம் துள்ளி எழுந்தார். "நான் தேடி வந்ததே அதத்தான்யா! இதே காசு பதினஞ்சும் அழுக்குப் படாம எங்கிட்ட இருக்கு. வைக்கிறதுக்குப் பொட்டி இல்லாம கைக்குட்டையில முடிஞ்சு கெடக்கு!"

மரியநாயகம் தம் சாரதியை அழைத்தார்.

"மிசினத் தூக்குப்பா. கார்ல ஏத்து."

"ஐயா, ஐயா! தண்ணிக்குப் போனவ திரும்பி வந்தா நான் என்னங்க சொல்றது?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? அடுப்பக் கேளுங்க."

சாரதி இயந்திரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார். ஆயினும், வீட்டார் வைத்த வெற்றிலையைத் தொடாமல் வெளியேறுவது அவர்களை அவமதிப்பதாகும். அம்மரியாதையை மரியநாயகம் கோபத்திலும் மறந்தாரில்லை. நின்றபடியே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பைத் தொட விரலை நீட்டினார்.

நீட்டிய விரல் குழியிலேயே நின்றுவிட்டது.

அவர் கடிகாரம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் செருகினார். சீவலையும் கிராம்பையும் தரையில் கொட்டினார். பின்னர் நாற்காலியில் தொப்பென அமர்ந்து, சீத்தை உறையின் தையலை நகத்தால் நெம்பத் தொடங்கினார்.

குடம் தளும்ப ஓடி வந்தாள் பூரணி. "ஐயையோ, பிக்காதீங்க! கை வலிக்க வலிக்கத் தச்ச உறைங்க அது!"

மரியநாயகம் நிமிர்ந்து சாரதியை நோக்கிக் கையை உயர்த்தினார். அப்போது மாலை மணி சரியாக நான்கு பத்து.

"மிசின எறக்குப்பா! இந்தம்மா ராசா பொட்டியிலதான் சுண்ணாம்பு வச்சிருக்காங்க!"