காருக்கடியில் ஒரு சொட்டு

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் எங்கள் தெரு லைல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் காருக்கடியில்தான் குடியிருக்கிறார். கியர்பாக்ஸில் சின்ன ஆயில் கசிவு; அந்த ஆயில் சிவப்பு நிறம். மெக்கானிக்கிடம் போனால் மானம் போய்விடுமாம். வாஷரை மாற்றினார், இரண்டு நாள் நின்றது. பிறகு தினமும் காலையில், அடியில் விரித்த அட்டையில் சிவப்பாக ஒரு சொட்டு.

“என்ன லைல், அடியிலயே ஒரு கட்டில் போட்டுடலாமே!” என்றாள் நாயோடு வந்த எதிர்வீட்டு கிளெனிஸ்.

“இன்னிக்கு நிக்குதா இல்லையா பாரு!” என்றது காருக்கடியிலிருந்து குரல்.

வாசலில் நின்ற மனைவி மெர்லைப் பார்த்து, “உன் பாடுதான் பாவம்” என்று உச்சுக்கொட்டினாள் கிளெனிஸ். அதற்குள் நாய், ஓரமாகக் கிடந்த அட்டையை நக்கத் தொடங்கியது.

“ஐயையோ, ஆயில்! செத்துடுமே!”

மெர்ல் அவள் வாயைப் பொத்தினாள். “கத்தாதடி. அது டின் பீட்ரூட் தண்ணி. சாண்ட்விச்சுக்கு எடுத்தது போக மீந்தது.”

“என்னது?”

“கசிவை முதல் தடவையே சரி பண்ணிட்டார், கெட்டிக்காரர். அப்புறம் ரெண்டு நாள் உள்ளே வந்து என் சமையலறையைத் திருத்தினார். மிளகுத்தூளை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.”

“மெர்ல்! காலைல எப்படி இருந்துச்சு?” என்றார் லைல், அடியிலிருந்து.

“நல்லாக் குறைஞ்சிருக்கு டார்லிங்! ஆனா இன்னும் நிக்கல!”