விட்டு விட்டு வரும் குரல்

ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஹெட்செட்டைக் காதில் மாட்டிப் பார்த்தாள் புரூல். முகத்தைச் சுளித்தாள்.

"கோழி தானியம் கொத்துற மாதிரி இருக்கு மாமா. இதையா மூணு மாசமா கேட்டுட்டிருந்தீங்க?"

அவள் பக்கத்து வீட்டு மருமகள். கல்யாணத்துக்கு முன் நகரத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவளாம். கடைக்காரர்கள் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவார்கள் என்பது கல்முர்சாவின் எண்ணம். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கூட்டிவந்தது அவர் மனைவி சுராகான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு மாஸ்கோவிலிருந்து மகன் மிர்லான் கூப்பிடுவான். இந்தக் கம்ப்யூட்டரே அவன் வாங்கிப் போட்டதுதான். அதன் கேமராவுக்கு முதல் நாளே கந்தலைச் சுற்றிவிட்டார் கல்முர்சா. எவன் எங்கிருந்து பார்க்கிறானோ. முப்பது வருஷம் லாரி ஓட்டியதில் காது பாதி போய்விட்டது, அதனால் இந்த வயரில்லாத ஹெட்செட். மகன் பேசுவது அவருக்கு மட்டும்தான் கேட்கும்.

மகன் வாராவாரம் கேட்பது ஒன்றே ஒன்று: ஜிபாரைக் கூப்பிடுங்கள்.

ஜிபார் அவன் பெண்டாட்டி. ஆடுகளோடு மலைக்குப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடையாது என்று மூன்று மாதமாகச் சொல்லி வருகிறார். போன வாரம் ஊர் ஆடுகளெல்லாம் மலையிலிருந்து இறங்கிவிட்டன. இனி அந்தப் பொய்க்கு நிற்க இடமில்லை.

அவள் தாய்வீட்டில் இருக்கிறாள். கோடைத் தொடக்கத்தில் ஒருநாள், தேநீர் ஆறிப்போய்விட்டது என்று விருந்தாளிகள் முன்னால் அவளைத் திட்டினார். அதோடு விட்டிருக்கலாம். கெட்டிலைப் பிடுங்கி, அவள் கோப்பையில் விளிம்பு தட்ட ஊற்றி, அவள் பக்கம் தள்ளினார்.

அந்த ஊரில் வேண்டியவர்களுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

ஜிபார் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். போய்விட்டாள்.

"சார்ஜ் முழுசா இருக்கு," என்றாள் புரூல். வைஃபை பெட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். சரியாகவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தாள். "இதோட ரிசீவர் எங்க மாமா? நகம் பெருசுதான் இருக்கும். அதுதான் குரலை ஹெட்செட்டுக்கு அனுப்பும்."

"எனக்கென்ன தெரியும். எவனாவது திருடியிருப்பான்."

"திருடியிருந்தா ஒண்ணுமே கேக்காதே மாமா. கோழிகூடக் கொத்தாது."

பின்பக்கம் ஒரு நீள வயர் செருகியிருந்தது. அதைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே போனாள். வயர் சுவரோரமாக ஓடி, மேலே ரஜாய்ப் போர்வைகள் அடுக்கிய தகரப் பெட்டிக்குள் நுழைந்தது.

சுராகான் வந்து ரஜாய்களை இறக்கினாள்.

பெட்டிக்குள் ஒரு தேயிலை டின். டின்னுக்குள் ரிசீவர்.

சந்தையில் அந்த நீள வயரை வாங்கியது கல்முர்சாதான். சுராகான் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பித்தளைச் சமோவாரை இறக்கி வைத்த ஒரு வெள்ளிக்கிழமை, குரல் அறுந்து அறுந்து வந்தது. சத்தம் சரியில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்தார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது. உலோகம் குரலை மறிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

புரூல் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்தார். காது மடல் எரிந்தது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவளோ ரிசீவரைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகினாள்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. ஹெட்செட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

மகன் அறைக்குள் நின்று பேசுவதுபோல இருந்தது. அவன் மூச்சுகூடக் கேட்டது.

"ஜிபாரைக் கூப்பிடுங்கப்பா."

வாய் தானாகத் திறந்தது. "சத்தம் விட்டு விட்டு..."

ரிசீவரின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்ச வார்த்தையை விழுங்கினார்.

"அவ கிளம்பின அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிட்டாப்பா," என்றான் மிர்லான். "நீங்களா சொல்வீங்கன்னுதான் வாராவாரம் கேட்டேன். கேக்குதா?"

கேமரா மேல் கந்தல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"கேக்குது," என்றார் கல்முர்சா.