தொட்டுக் கும்பிடும் மேடை

டாக்குரியா பூஜைப் பந்தலில் மழை விட்டுவிட்டது. மேடைமேல் விரித்த சிவப்புக் கம்பளத்தில் மட்டும் ஈரம் இன்னும் மினுங்குகிறது. படுதாவுக்குப் பின்னால் சலங்கை கட்டும் தமயந்தியின் கண் அந்தக் கம்பளத்தை விட்டு நகரவில்லை. ஹாலஜன் விளக்குக்குப் போகும் ஒயர் அதற்கடியில் புடைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்திருப்பதை மத்தியானமே பார்த்துச் சொன்னாள். ஒன்றும் ஆகாது அக்கா என்பதை வங்காள மொழியில், "கிச்சு ஹபே நா, திதி" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார் கமிட்டிக்காரர். நட்டுவாங்கத்துக்கு வந்திருக்கும் பரமசிவம் குரலைத் தாழ்த்துகிறார். "பேசாம ஆடிட்டு வாம்மா. போன வருஷம் முடியாதுன்னு சொன்ன பொண்ண அப்புறம் யாராச்சும் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டாத்தான் நமக்குப் பொழப்பு." டாக் மேளம் ஓய்கிறது. படுதா விலகுகிறது. வெறுங்காலோடு வந்து, கம்பளத்தின் விளிம்பில், காய்ந்த பலகைமேல் நிற்கிறாள். மிதிக்கப்போகும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆட வேண்டும். குனிகிறாள். விரல்கள் கீழே போக மறுக்கின்றன. கையைத் திருப்பி, புறங்கையால் கம்பளத்தைத் தொடுகிறாள். சுரீரென்று ஷாக் முழங்கை வரை ஏறுகிறது. உதறிய கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. பக்தி என்று நினைத்து முன்வரிசையில் வயதான மாஷிமா ஒருத்தி கைகூப்புகிறாள். கைத்தாளத்தை ஓங்கியபடி உட்கார்ந்திருக்கும் பரமசிவம் அந்தப் புறங்கையையே பார்க்கிறார். ஆரம்பிக்கும்படி கமிட்டிக்காரர் ஓரத்திலிருந்து சைகை காட்டுகிறார், மறுபடியும் காட்டுகிறார். பரமசிவம் சத்தமில்லாமல் தாளத்தை உறைக்குள் போடுகிறார். கமிட்டிக்காரரைப் பார்த்தபடியே உறையின் கயிற்றை இறுக்கி முடிகிறார்.