வசனம் வேண்டாம்

மார்த்தாண்டத்து சர்ச் ஹாலில் ஒரு நாடகக் குழு நடிகர்களைத் தேர்வு செய்கிறது. அரை நாள் விடுப்பில் வந்த ஸ்மைலின் டீச்சரின் முந்தானையில் சாக்பீஸ் வெள்ளை. அவர் மனப்பாட வசனத்தை ஒப்பித்து முடிக்க, காலி நாற்காலிகளுக்கு முன்னால் தனியாக அமர்ந்திருக்கும் இயக்குநர் கொட்டாவியை மறைக்கிறார். “கடைசியா, வெளிய போயிட்டு உள்ள வாங்க டீச்சர். வசனம் வேண்டாம்.” “சும்மா வந்தா போருமா சார்?” நெடுஞ்சாலை ஹாரன்கள் அலறுகின்றன. கதவு திறக்கிறது. என்ன நடிப்பதென்று தெரியாமல் வாசலில் நிற்கிறார் டீச்சர். ஜன்னல் வெயில் விழுந்து கிடக்கும் கடைசி வரிசை வரை அவர் பார்வை மெல்லப் போய்த் திரும்புகிறது. உள்ளங்கை தானாகக் கீழ்நோக்கி அசைகிறது. “இரிங்க மக்கா.” சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. எழுந்து நின்றவர்கள் யாரென்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.