மாதாவுக்குக் கொடுத்த வாக்கு

ஆகஸ்ட் வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக மாதா கோயிலுக்குள் இறங்கி எலோயின் வெள்ளைச் சட்டையில் சிவப்பும் நீலமுமாகப் படிந்திருக்கிறது. கால்பந்து சீசன் தொடங்குமுன் கேப்டன் தன் அணியின் கழுத்துத்துண்டை மாதாவின் காலடியில் சாத்தி, அணி முழுவதற்குமாக வாக்குக் கொடுப்பது இந்த ஸ்பானிய ஊரின் வழக்கம். பள்ளி நாளிலிருந்து இந்த ஊருக்கு நடுக்களத்தில் ஆடுகிற கேப்டன் எலோய்க்கு அந்த வாக்கு மனப்பாடம். இன்றைக்கு அதைச் சொன்னால் பொய்யாகிவிடும். நேற்று சாயங்காலம் கிளப் அவனை வேறு ஊர் அணிக்கு விற்றுவிட்டது. போகாவிட்டால் சீசன் முழுக்க ஆட்டமில்லை, பெஞ்சுதான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கோயிலில் கூடியிருப்பவர்களில் கிளப் தலைவர் ஆர்துரோவைத் தவிர யாருக்கும் இது தெரியாது. "சிரிச்ச முகமா சொல்லுப்பா. சீசன் டிக்கெட் வித்து முடியட்டும், அப்புறம் நானே ஊருக்குச் சொல்லிக்கிறேன்," என்று அவர் உதடு அசையாமல் முணுமுணுக்கிறார். அவர் கை எலோயின் தோளை விட்டு எழவேயில்லை. அணியின் உடுப்புகளைத் துவைக்கும் ரெமே முன்வரிசையில் கைவிசிறியைப் படபடவென்று வீசிக்கொண்டு, "என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? பெனால்டி அடிக்கவா கூப்பிட்டாங்க?" என்கிறாள். கோயிலே சிரிக்கிறது. எலோய் குனிந்து துண்டைச் சாத்துகிறான். மெழுகுவர்த்திகளின் சூடு முகத்தில் அடிக்கிறது. "தாயே, ஜெயிச்சாலும் தோத்தாலும் இந்த வருஷமும் உன் ஊருக்காகவே ஆடுவோம்..." குரல் உடைகிறது. கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது. "பாருங்க, பிள்ளைக்கு எவ்வளவு பக்தி!" என்று ரெமேயும் அழத் தொடங்குகிறாள். முதல் ஆளாக ஆர்துரோ கை தட்டுகிறார்.