ஆளைக் கொண்டு வா

“அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்னா அர்த்தம் வக்கீலம்மா? மறைக்காம சொல்லு.”

புளியந்தோப்பிலிருந்து திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்த கெங்கம்மா, நாற்காலியில் சாயக்கூட இல்லை. உடன் வந்த பெண் துப்பட்டாவை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்கிலீஷ் இல்லம்மா, லத்தீன்,” என்றார் தேவகிருபை. லத்தீன் என்றால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பொழிப்புரை சொல்லாமல் எந்தக் கட்சிக்காரரையும் விட்டதில்லை. “ஹேபியஸ் கார்பஸ். நேர் அர்த்தம், ‘உடம்பைக் கொண்டு வந்து வை’. காணாமப் போனவங்களைக் கோர்ட்ல நிறுத்தச் சொல்ற மனு.”

கெங்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஒடம்புன்னா... உசுரு இல்லாமயா?”

“சேச்சே! உயிரோடதான்!”

சொல்லிவிட்டாரே தவிர, தேவகிருபைக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. இந்த மாதிரி வழக்குகளில் எல்லாப் பெண்களும் உயிரோடு கோர்ட்டுப் படி ஏறிவிடுவதில்லை.

“நேத்து போலீஸ்காரு வூட்டாண்ட வந்து அந்த வார்த்தையச் சொல்லிட்டுப் போனாரு. அப்பலேர்ந்து சோறு தண்ணி எறங்கல.”

“பொண்ணு மேஜரா?”

“படிச்சு முடிச்சு வேலைக்கே போவுது. ஆனா பயந்த சுபாவம்.”

“அப்ப கவலைய விடுங்க. இன்னொரு லத்தீன் வாக்கியம் இருக்கு, ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’. மறுதரப்பையும் கேள்னு அர்த்தம். யார் என்ன கத்தினாலும், யாரோட போறேன்னு ஜட்ஜ் அந்தப் பொண்ணைத்தான் கேப்பார்.”

“எங்கூட வரேன்னு சொன்னா?”

“உங்ககூடத்தான் அனுப்புவார்.”

“அங்க ஆளுங்க கும்பலா நின்னுகினு மொறைச்சா? பயத்துல அதுக்கு வாயே வரலன்னா இன்னா பண்றது?” கெங்கம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்துப் பெண்ணும் விசும்பினாள்.

பெற்ற வயிறு, பதறத்தானே செய்யும்! தேவகிருபைக்கு மனசு கேட்கவில்லை.

“எப்படியும் கண்டுபிடிச்சுடலாம்மா. ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது,” என்று பேனாவைத் திறந்தார். “கடைசியா பொண்ணை எங்க பார்த்தீங்க?”

கெங்கம்மா ஒன்றும் புரியாமல் விழித்தாள். “எங்கயா? இதோ, கீழ டீக்கடையாண்ட பன்னு வாங்கிக் குடுத்து இட்டாந்துகீறேனே!”

முக்காட்டை விலக்கினாள் அந்தப் பெண்.

“காணாமப் போன ஷெர்லின் நான்தான் மேடம். கேஸ் போட்டது எங்கப்பா,” என்றவள் கெங்கம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “என்னைய அடைச்சு வச்சிருக்காங்கன்னு எழுதிக் குடுத்திருக்கது, இந்தா, எங்க மாமியார் மேலதான்.”