நாங்களே கூப்பிடுறோம்

"ஒரு போன்! ஒரே ஒரு போன் பண்ணி 'மேடம், நான் வரலை'ன்னு சொன்னா இவங்க வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டாள் அவள்.

கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற ஆபீஸ் அது. பெரிய கிடங்கு ஒன்றுக்கு மேற்பார்வையாளர் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். தலைகீழாய் நின்று ஒருவனைப் பிடித்து, தாஜா பண்ணி, வேலை ஆர்டரையும் கையில் வாங்கிக் கொடுத்திருந்தாள். இன்று காலை அவன் சேர வேண்டிய நாள். மகராசன், போனை அணைத்து வைத்துவிட்டான்.

பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். "நம்ம ஆர்டரைக் காட்டி, இருக்கிற கம்பெனியிலயே சம்பளத்தை ஏத்திக்கிட்டிருப்பான். என்னமோ புதுசாப் பார்க்கிற மாதிரி கத்துறே?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதேடி."

கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் தலையை நீட்டினார்.

"நாளைக்குக் காலைல கிடங்குல ஆள் நிக்கணும். இல்லைன்னா அவங்க வேற ஏஜென்சிக்குப் போயிடுவாங்க. அவங்க போயிட்டா, அந்த சீட்டுக்கு எனக்கு ஆளே தேவைப்படாது."

எந்த சீட்டு என்று அவள் கேட்கவில்லை. அவர் பார்த்தது அவள் நாற்காலியைத்தான்.

வேலை தேடுகிறவர்களின் வெப்சைட்டைத் திறந்தாள். 'உடனே சேரத் தயார்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டாள்.

"உடனேன்னா, ஒரு மூணு மாசம் ஆகும் மேடம்."

அடுத்தவன் வீட்டில் மனைவி எடுத்தாள். "அவரு குளிக்கிறாருங்க." ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோதும் அவர் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொருவன் எல்லாவற்றுக்கும் "ஓகே மேடம், ஓகே மேடம்" என்றான். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றதும் லைன் கட்டாகிவிட்டது. வாட்ஸப்பில் விவரம் அனுப்பினாள். பார்த்துவிட்டான், இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில்தான் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் அடித்தது. திரையில், அவள் பதிந்து வைத்திருந்தபடியே, 'தொல்லை' என்று பெயர் வந்தது.

"வந்துட்டாருடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வாரம் இதே கிடங்கு வேலைக்குப் பேட்டிக்கு வந்தவர் அவர். அனுபவம் நிறைய இருந்தது. வயதுதான் கிடங்குக்காரர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல். பார்த்த மாத்திரத்தில் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டு, "நாங்களே கூப்பிடுறோம் சார்" என்று வாசல்வரை சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள்.

அந்தத் தொழிலில் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். வேலை தேடி நாலு படி ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இந்த மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. நாள் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வணக்கம் மேடம். நான் போன வாரம் கிடங்கு வேலை விஷயமா..."

"ஞாபகம் இருக்கு சார். இன்னும் முடிவாகலை."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நாங்களே கூப்பிடுறோம் சார். சும்மா சும்மா போன் பண்ணாதீங்க, ப்ளீஸ்!"

வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கேட்காமலே அழித்தாள். அழுது புலம்பியிருப்பார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க இங்கே யாருக்கு நேரம்?

சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. அழைத்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. மேலாளர் இரண்டு முறை வந்து, பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டினாலாவது தேவலை.

பக்கத்து சீட்டுக்காரிதான் மெல்லச் சொன்னாள். "அந்தத் தொல்லையையே போட்டுடேன்."

"அவருக்கு வயசு கூடடி."

"ஆளே இல்லாததுக்கு அது பரவாயில்லையில்ல? கிடங்குல கேட்டுப் பாரு."

கேட்டாள். "நாளைக்கு யாராவது வந்தா போதும்மா, வயசை யாரு பார்த்தா!" என்றார்கள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நாளாய் வேலை வேலை என்று நச்சரிக்கிற மனிதர். சொன்னால் இன்றைக்கு ராத்திரியே போய் கிடங்கு வாசலில் படுத்துக்கொள்வார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குரலில் தேனைக் குழைத்து, முதல் முறையாக அவளே அவரைக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம்! கூப்பிடுறேன்னு சொன்ன மாதிரியே கூப்பிட்டுட்டீங்களே!"

"பின்னே? உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சார். உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம். நாளைக்குக் காலைல சேர்ந்துடுங்க."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"ஹலோ? சார்?"

"அடடா... இதுக்குத்தான் மேடம் நான் பயந்தேன்."

"பயமா? என்ன பயம்?"

"உங்ககிட்ட பேசிட்டு வந்த மறுநாளே எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிடுச்சு. நீங்க கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தீங்களா, எனக்காக இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கடைசி நேரத்துல ஆளில்லாமத் திண்டாடப் போறீங்களேன்னுதான் மேடம், தினமும் போன் பண்ணிக்கிட்டிருந்தேன்!"